மண்ணெண்ணெய்க்குப் பழகிய காது

செய்தி புதன்கிழமை காலை முதலாம் பாடத்தில் வந்தது. உயர்தர மாணவர்களுக்கு மின்சுற்றுச் செய்முறை நடந்துகொண்டிருந்தது. வகுப்பு நேரத்தில் நான் கைபேசியை எடுப்பதில்லை. அன்று சரசு அக்காவின் பெயரைக் கண்டதும் எடுத்தேன். புதன்கிழமை அந்த நேரத்தில் அவர் தன் கணவரோடு ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். அப்போது அழைக்கிறார் என்றால் வழியில் எங்கோ அவர்களுடைய பழைய வான் வண்டி நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

"டீச்சர், வான் நிக்கல்ல," என்றார் எடுத்த எடுப்பில். "வான் நல்லாத்தான் ஓடுச்சு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு."

"அப்ப என்ன அக்கா?"

"அவருதான் டீச்சர்."

 மாணவர்கள் என்னைப் பார்த்தார்கள். சுற்றை மூடாமல் வைத்திருங்கள் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அப்படிச் சொன்னது நினைவிருக்கிறது. அதன் பிறகு பாடசாலை அதிபரின் அறைக்கு எப்படிப் போனேன் என்பது நினைவில்லை.

எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படித்த எவருக்கும் சரசு அக்காவின் கணவர், ஆய்வுகூட உதவியாளர் பழனிவேல் அண்ணையைத் தெரியாமல் இருக்காது. அவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறோம், நீங்கள் எழுதித் தாருங்கள் என்று பழைய மாணவர்கள் கேட்டார்கள். இப்படியான மலர்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. அவற்றில் வரும் இறந்தவர்கள் ஒரு பிழையும் விடாதவர்களாக இருப்பார்கள். பழனிவேல் அண்ணை ஒரு பிழை விட்டார், நானும் ஒன்று விட்டேன், இரண்டையும் எழுதலாம் என்றால் எழுதுகிறேன் என்றேன். சம்மதித்தார்கள்.

நான் இந்தப் பாடசாலைக்கு வந்த முதல் வருடம் எங்களுக்குள் ஒரு பிணக்கு வந்தது. செய்முறை வகுப்பில் ஒரு மாணவியின் அம்பியர்மானி அசையவில்லை. பழனிவேல் அண்ணை பின்னால் நின்று, "அந்த வயரை மாத்து புள்ள, அது உள்ளுக்க அறுந்திருக்கு" என்றார். நான் எல்லோருக்கும் முன்னால், "அண்ணை, படிப்பிக்கிறது நான்" என்றேன். வயர் உண்மையில் உள்ளே அறுந்துதான் இருந்தது. அந்த மூன்று மாதத் தவணை முழுவதும் அவர் என்னிடம் "ஓம் டீச்சர்", "இல்ல டீச்சர்" என்பவற்றுக்கு மேல் பேசவில்லை. நான் கேட்டதெல்லாம் துடைத்து வரிசையாக மேசைக்கு வந்தன. அந்த வரிசையைப் பார்க்க எனக்குத்தான் கூசியது. அடுத்த தவணை என் ஸ்கூட்டி பாடசாலை வாசலில் நின்றுபோன ஒரு நாள், கூப்பிடாமலே வந்தார். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"டீச்சர், இதையாவது நான் படிப்பிக்கலாமா?"

அப்படித்தான் சமாதானம் வந்தது. அவரை இனி ஒருபோதும் அந்த இரண்டு சொற்களுக்குள் தள்ளிவிடக்கூடாது என்று அன்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு பின்னால் எனக்கு உதவவில்லை.

அவருடைய குடும்பம் மலையகத்திலிருந்து வந்து ஜெயபுரத்தில் குடியேறியது. வரும்போது அவர் கைக்குழந்தை. வீட்டில் மலையகத் தமிழும் வெளியே எங்கள் தமிழும் பேசுவார். கோபமோ சந்தோசமோ கூடினால் இரண்டும் கலந்துவிடும். எல்லோரும் என்னை "ரீச்சர்" என்று கூப்பிட, அவரும் சரசு அக்காவும் மட்டும் கடைசிவரை "டீச்சர்" என்றார்கள்.

எஞ்சின் வேலையை அவர் எந்தக் கராஜிலும் பழகவில்லை. யுத்த காலத்தில், பெற்றோல் வன்னிக்குள் வராத வருடங்களில் பழகினார். இப்போது நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும். மோட்டார் சைக்கிள், வான், தண்ணீர்ப் பம்பு எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சில துளி பெற்றோலில் எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் தட்டும். தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். அது தட்டாமல் இருக்க, பிளக்கில் பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பிந்த வைக்கவேண்டும். அந்த நேரத்தை ஒழுங்குபடுத்துவதுதான் டைமிங் வைப்பது. பொறியைப் பங்கிட்டு அனுப்புகிற டிஸ்ரிபியூட்டர் என்ற உறுப்பைச் சற்று இளக்கித் திருப்பினால் பொறி முந்தும் அல்லது பிந்தும். அதை அளக்கப் பழனிவேல் அண்ணையிடம் கருவி எதுவும் இருக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடி, கையால் மெல்லத் திருப்புவார். தட்டும் சத்தம் அடங்கும் இடம் வரும். "அதுக்கும் ஒரு பொட்டு அங்கால," என்று சொல்லிக்கொண்டு இறுக்குவார். ஜெயபுரத்திலிருந்து ஸ்கந்தபுரம் வரை அவரைத் தேடி வண்டிகளை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. கிணற்றுத் தண்ணீரா, வயலுக்கு அடித்த மருந்தா, வேறு எதுவுமா என்று யாரும் அவருக்கு நிச்சயமாகச் சொல்லவில்லை. புதனும் சனியும் காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரியில் இரத்தச் சுத்திகரிப்பு. அந்த நேரத்துக்கு ஜெயபுரத்திலிருந்து பஸ் கிடையாது. முடிந்து திரும்பும்போது ஓட்டோவில் நிமிர்ந்து இருந்து வர அவரால் முடியாது. ஆகவே ஒரு பழைய பெற்றோல் வானை வாங்கினார்கள். சரசு அக்கா வயலில் உழவு இயந்திரம் ஓட்டியவர். ஐம்பத்திரண்டு வயதில் வானுக்கு அனுமதிப்பத்திரம் எடுத்தார்.

"எனக்கு ரெண்டு டொக்டர், ஒரு றைவர்," என்பார் பழனிவேல் அண்ணை. "மூண்டு பேரும் நான் சொல்றதக் கேக்கிறதில்ல."

இன்னொரு பகிடியும் அவரிடம் இருந்தது. "வானுக்கு ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு சேவிஸ். எனக்கு எண்பது கிலோமீற்றருக்கு ஒண்டு. எது நல்ல வண்டி எண்டு நீங்களே சொல்லுங்க."

வான் ஓடினால் அவர் இருப்பார். ஒரு முறை போகாவிட்டால் என்ன ஆகும் என்று தாதிமார் அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

மாரி தொடங்குமுன் முதல்தரம் ஹெட் கஸ்கட் போனது. எஞ்சினின் உடலுக்கும் தலைக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகடு அது. அது எரிந்தால் எண்ணெய்க்குள் தண்ணீர் போய்விடும், எஞ்சின் கொதிக்கும். பழனிவேல் அண்ணையும் சரசு அக்காவும் வீட்டு முற்றத்திலேயே கழற்றிப் புதியதைப் போட்டார்கள். எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தைப்பொங்கல் முடிந்த கிழமை திரும்பவும் போனது. அந்த ஞாயிறு நான் பார்க்கப் போயிருந்தேன்.

அந்த வானின் எஞ்சின் முன்சீற்றுக்குக் கீழே இருந்தது. சீற்றுகளைக் கழற்றி முற்றத்தில் வைத்திருந்தார்கள். அவர் வானுக்குள் முழங்காலில் நின்று போல்ட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தார். இறுக்குவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. நடுவிலிருந்து தொடங்கி மாறிமாறி வெளியே போவார், மூன்று சுற்று. "ஒரே தரத்தில இறுக்கினா ஹெட் கோவிச்சுக்கும் டீச்சர். நெளிஞ்சு குடுக்கும்."

"ஏன் அண்ணை திரும்பவும் போச்சுது?"

"அதுதான் விளங்கேல்ல." விரல்விட்டு எண்ணினார். ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்தாயிற்று. ரேடியேற்றர் கழுவியாயிற்று. விசிறி புதியது. தண்ணீர்ப் பம்பும் சரி. எல்லாம் சரி, ஆனால் கொதிக்கிறது. "இந்த எஞ்சினுக்கு என்னோட ஏதோ மனவருத்தம்."

பூட்டி முடித்து எஞ்சினை எழுப்பினார்கள். அவர் கண்ணை மூடினார். டிஸ்ரிபியூட்டரைத் திருப்பினார். சத்தம் மெதுவாகி, கனத்து, இருமல் மருந்து குடித்தவரின் குரல் போல ஆனது. அவருடைய முகம் அமைதியானது. "ஒரு பொட்டு அங்கால," என்றார். இறுக்கினார்.

எனக்கு அந்த இடத்தில்தான் சந்தேகம் வந்தது. பொறி பிந்தினால் பெற்றோல் எரிந்து முடியும் முன்பே புகை வெளியேறும் கதவு திறந்துவிடும். தள்ளவேண்டிய சூடு வேலைக்குப் போகாமல் தலைக்கும் தண்ணீருக்கும் போகும். வண்டியில் இழுவை இராது, கொதிக்கும், கஸ்கட் எரியும். உயர்தர மாணவர்களுக்கு நான் கரும்பலகையில் எழுதுகிற விடயம் இது. அவர் பெற்றோல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் டைமிங் வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கெட்ட வருடங்களில் எது உயிர் காத்ததோ அதுவே இப்போது எஞ்சினை எரித்தது.

நான் சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறவள் அல்ல. உறுதி செய்யாமல் சொல்லுவதில்லை. நகரத்தில் கராஜ் வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவரிடம் டைமிங் லைட்டை இரவல் கேட்டேன். நீரே போய் வைத்துக் கொடுக்கலாமே என்றும் கேட்டேன்.

"ஐயோ ரீச்சர், அண்ணையின்ர வானை நான் துறந்தா அவர் என்னைக் கொண்டுபோடுவார்," என்று சிரித்துவிட்டு லைட்டைக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு அதைக் கொண்டுபோனேன். எஞ்சின் ஓடும்போது அந்த விளக்கு ஒவ்வொரு பொறிக்கும் ஒருமுறை மின்னும். சுழலும் சக்கரத்திலுள்ள கீறல் அசையாமல் நிற்பது போலத் தெரியும். அது எந்த எண்ணுக்கு நேரே நிற்கிறது என்று பார்க்கவேண்டும். புத்தகத்தில் எட்டுப் பாகை என்று இருந்தது. கீறல் பூச்சியத்தையும் தாண்டி மறுபக்கம் நின்றது.

"பாருங்கோ அண்ணை."

பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "புத்தகம் பொய் சொல்லாது டீச்சர். ஆனா எழுதினவர் இந்த வெயில்ல நிக்கல்ல."

"ஒருக்கா எட்டில வச்சுப் பாப்பம்."

விட்டார். நான் திருப்பினேன். சத்தம் உயர்ந்து கூர்மையானது. சரசு அக்கா குசினி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். பழனிவேல் அண்ணையின் முகம் பல்வலிக்காரரின் முகம் போலச் சுருங்கியது. "கத்துது," என்றார். "காய்ச்சல்காரப் பிள்ளை கத்திற மாதிரிக் கத்துது." கையை நீட்டித் தன் இடத்துக்குத் திருப்பிவிட்டார்.

"அண்ணை, இது மண்ணெண்ணெய் இல்லை. பெற்றோல்."

அவர் என்னைப் பார்த்தார். போல்ட்டை இறுக்கினார். கையைத் துணியில் துடைத்தார்.

"ஓம் டீச்சர்," என்றார்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். நான் லைட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அது அவருடைய வான், அவருடைய கை, நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். பிறகு நான்கு மாதங்கள் பாடசாலையில் ஒவ்வொரு நாளும் அவரைக் கண்டேன். மெலிந்துகொண்டே வந்தார், ஆனால் வேலைக்கு வந்தார். ஒருநாளும் அந்தக் கதையை நான் எடுக்கவில்லை. அவருடைய பிழை காதில் இருந்தது. என்னுடையது இதுதான்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை, அக்கராயன் தாண்டியதும் வான் கொதித்து நின்றது. சரசு அக்கா வீதியில் நின்று கையைக் காட்டினார். ஒரு உழவு இயந்திரம் வானைத் திருப்பி இழுத்துக்கொண்டு ஜெயபுரம் போனது. சுத்திகரிப்பு அன்று தவறியது. திங்கள் காலை அவருக்கு மூச்சு முட்டியது. அம்புலன்சில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள்.

நான் போனபோது முகம் ஊதிக் கண்கள் சிறுத்திருந்தன. என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "கஸ்கட் வந்திட்டுதாமா?" என்பதுதான். வந்துவிட்டது என்றேன். "சனிக்கிழமைக்குள்ள பூட்டவேணும்," என்றார்.  டைமிங் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. நீர் நிறைந்து கட்டிலில் கிடப்பவரிடம் அதைச் சொல்ல முடியாது.

வெளியே இருந்த மர வாங்கில் சரசு அக்கா உட்கார்ந்திருந்தார்.

"அது டைமிங்தான டீச்சர்?" என்றார் திடீரென்று.

நான் அவரைப் பார்த்தேன்.

"நான்தான ஓட்டுறேன். குளக்கட்டு ஏறுறப்போ மிதிச்சா, மிதிச்ச எடத்துலயே நிக்குது. அன்னைக்கி நீங்க திருப்பி வச்சீங்கள்ல, அந்தச் சத்தம் எனக்குப் புடிச்சிருந்துச்சு. இவரு வச்சா எப்பவும் இப்புடித்தான்."

"அப்ப ஏனக்கா அவருக்குச் சொல்லேல்லை?"

"நீங்க ஏன் டீச்சர் ரெண்டாந்தரம் சொல்லல்ல?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.  சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "கை போச்சு. கால் போச்சு. இப்ப அவருகிட்ட மிச்சம் இருக்கிறது அந்தக் காது மட்டுந்தான். அதையும் நாம எப்புடிப் புடுங்குறது?"

வியாழக்கிழமை அவரை வீட்டுக்கு விட்டார்கள். வெள்ளி, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை. மறுநாள் சனி, சுத்திகரிப்பு நாள். அந்த வெள்ளி காலை ஏழு மணிக்கு நான் ஜெயபுரத்தில் நின்றேன். கழற்றிய முன்சீற் ஒன்றை வேப்பமர நிழலில் வைத்து, அதில் அவரை இருத்தியிருந்தோம். ஊசி ஏற்றும் இடது கையைத் தலையணையில் வைத்திருந்தார். வானுக்குள் நானும் சரசு அக்காவும். எனக்குப் புத்தகம் தெரியும், சரசு அக்காவுக்குப் போல்ட் இறுக்கும் சாவிகள் தெரியும். அவர் வெளியிலிருந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு சொல்லித் தந்தார்.

"அந்தப் போல்ட்டு இறுகல்ல."

"இறுகீட்டுது அண்ணை."

"சாவி இறுகின சத்தம் வரல்ல. இன்னொரு கால்வாசி."

உண்மையில் இன்னொரு கால்வாசி போனது.

பிற்பகல் இரண்டு மணிக்கு ஹெட் ஏறியது, பல்லுள்ள டைமிங் பெல்ட் கீறல்களுக்கு நேரே நின்றது. சுழல்தண்டைத் திருப்பி முதலாம் சிலிண்டரின் பிஸ்டன் என்கிற முசலம் மேலே வந்ததும் டிஸ்ரிபியூட்டரை இறக்கினேன். சரசு அக்கா வான் சாவியைத் திருப்பினார். எஞ்சின் எழவில்லை. டப் என்று ஒரு வெடி, காற்று இழுக்கும் மேல்வாயால் ஒரு முழம் நெருப்பு. சரசு அக்கா "ஆத்தே!" என்று கதவால் வெளியே பாய்ந்தார். கோழிகள் வேலியைத் தாண்டின. என் புருவம் கருகிய மணம் எனக்கே வந்தது.

நிழலில் ஒரு சத்தம். பழனிவேல் அண்ணை சிரித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கும்வரை சிரித்தார்.

"மேல வர்றது ரெண்டு தரம் டீச்சர். ஒருக்கா வேலைக்கு, ஒருக்காப் புகை விட. நீங்க அது புகை விட வந்த நேரத்தில நெருப்பு வச்சிட்டீங்க."

"யுனிவசிற்றியில இதச் சொல்லித் தரல்லியா?" என்றார் சரசு அக்கா கோழிகளைப் பார்த்துக்கொண்டு.

"சொல்லித் தந்தவை," என்றேன். "நான்தான் விரல் வைக்கேல்லை."

எனக்கு அது தெரியும். நான்கடிப்பு எஞ்சின் என்று படம் கீறிப் படிப்பித்திருக்கிறேன். இந்தமுறை பிளக் துவாரத்தில் பெருவிரலை வைத்து மூடினேன். சரசு அக்கா அடியிலிருந்து தண்டைத் திருப்பினார். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் உள்ளே ஏதோ உயிருள்ளது போல என் விரலைத் தள்ளிக்கொண்டு காற்று பீறியது.

"தள்ளுதா?"

"தள்ளுது அண்ணை."

"அதுதான் ஆள். இப்ப இறக்குங்க."

எஞ்சின் ஒரே இழுவையில் எழுந்தது. நான் லைட்டை எடுத்தேன். கீறலை எட்டுக்குக் கொண்டுவந்தேன். அதே கூர்மையான சத்தம். வெளியே பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். முகம் சுருங்கியது. சரசு அக்கா என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். 

"அண்ணை, எப்பிடி இருக்கு?"

"கத்துது."

நான் சாவியை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தன் இடத்துக்குத் திருப்பச் சொல்லியிருந்தால் திருப்பியிருப்பேன். அவ்வளவு பயந்தவளாகத்தான் நின்றேன். அடுத்த நாள் காலை என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டே திருப்பியிருப்பேன்.

"பூட்டுங்க," என்றார் கண்ணைத் திறக்காமல். "என்ர காதுக்குள்ள இன்னும் மண்ணெண்ணெய்தான் இருக்கு. நீங்க பூட்டுங்க."

இறுக்கினேன். அதில் எனக்கு ஒரு வெற்றியும் தோன்றவில்லை. அவர் தலையைச் சாய்த்து, எஞ்சின் நிற்கும்வரை, பழக்கமில்லாத ஒருவரின் கதையைக் கேட்பவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு வான் ஒருநாளும் கொதிக்கவில்லை. ஆனி, ஆடி முழுவதும் சூட்டு முள் நடுவிலேயே நின்றது. ஒரு புதனும் தவறவில்லை, ஒரு சனியும் தவறவில்லை. அப்படியிருந்தும் அவர் குறைந்துகொண்டே போனார். மாற்றுச் சிறுநீரகம் பற்றிக் கதைத்தார்கள். சரசு அக்கா தன்னுடையதைத் தர நின்றார். அவருக்குச் சீனி வருத்தம் என்பதால் டொக்டர்மார் மறுத்துவிட்டார்கள். இதயம் பெருத்துவிட்டது என்றும் சொன்னார்கள்.

இரத்த அறிக்கைகளை அவர் என்னிடம்தான் கொண்டுவந்து தருவார். நான் ஆய்வுகூட மேசையில் விரித்துப் பார்ப்பேன்.

"கீறல் எங்க நிக்குது டீச்சர்?"

"கொஞ்சம் கூடியிருக்கு அண்ணை."

"கொஞ்சம் எண்டா? பெல்ட்டில எத்தின பல்லு?"

நான் சிரிக்க முயன்றேன். அவர் சிரிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்கள் எனக்கு விளங்கின. விளங்கியதால் ஒரு பயனும் இருக்கவில்லை. திருப்புவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. "அடுத்த முறை பாப்பம்," என்றேன். "ஓம்," என்றார். அன்று அந்த "ஓம்" என் மீதுள்ள கோபத்தால் வந்ததல்ல. என்னைக் கஷ்டப்படுத்தாமல் விடுவதற்காகச் சொன்னது.

அந்தப் புதன்கிழமை நடந்ததைச் சரசு அக்கா செத்தவீட்டில் எனக்குச் சொன்னார். அழாமல் சொன்னார். ஐந்தரைக்குப் புறப்பட்டார்கள். அக்கராயனில் அவர் தண்ணீர் கேட்டு, வாயை மட்டும் நனைத்துக்கொண்டார். அதன் பிறகு எப்போதும் போலத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எஞ்சினக் கேக்குறாருன்னு நெனச்சேன் டீச்சர். அவரு எப்பவும் அப்புடித்தான் வருவாரு. எஞ்சினுக்கு மேலதான உக்காந்திருக்காரு, அது ஆடுறப்போ அவரும் ஆடிக்கிட்டே வந்தாரு. ஸ்கந்தபுரம் தாண்டினப்போ, 'இன்னைக்கி நல்லா இழுக்குதுல்ல'ன்னு கேட்டேன். பதில் வரல்ல. கேக்குறாரு, பேசக்கூடாதுன்னு விட்டுட்டேன். வாசல்ல கொண்டுபோயி எஞ்சின நிப்பாட்டுனேன். அவரும் நின்னுட்டாரு."

எந்த இடத்தில் அவர் போனார் என்று யாருக்கும் தெரியாது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஆறு இருபது.

இரண்டு கிழமைக்குப் பிறகு சரசு அக்கா கூப்பிட்டார். வானை விற்கப் போகிறார், முழங்காவிலிலிருந்து ஒருவர் மறுநாள் வருகிறார், அதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தரவேண்டும். லைட்டை எடுத்துக்கொண்டு போனேன். எஞ்சினை எழுப்பி வெளிச்சத்தைப் பிடித்தேன். நான் எட்டில் விட்ட கீறல் ஐந்தில் நின்றது.

போல்ட் இளகிவிட்டது என்று நினைத்துச் சாவியை வைத்தேன். இளகவில்லை, நன்றாக இறுகியிருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். அன்று இறுக்கியபோது, டிஸ்ரிபியூட்டர் நின்ற இடத்தைக் காட்ட, அதன் அடியில் எஞ்சின் உடலில் வெள்ளை மையால் நான் ஒரு கோடு போட்டிருந்தேன். அது அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில், ஒரு நெல்மணி அகலம்கூட இல்லாத தூரத்தில், இன்னொரு கோடு. கை நடுங்கியபடி போட்ட கோடு.

"அக்கா, இதை ஆரும் தொட்டவையோ?"

"யாரும் தொடல்லியே." பிறகு யோசித்தார். "ஆடி அமாவாசைக்கு மொத நாளு நான் கடைக்குப் போயிட்டு வர்றப்போ அவரு வான் படியில உக்காந்திருந்தாரு. சீட்டு தூக்கியிருந்துச்சு. மேலெல்லாம் வேர்வை. பயந்துபோயி ஓடினேன். 'காத்து வாங்கிறேன், சத்தம் போடாத'ன்னாரு."

அந்தச் சீற்றைத் தூக்க அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய பழைய இடம் பூச்சியத்துக்கும் அப்பால். அங்கே அவர் திரும்பிப் போகவில்லை. என்னுடைய எட்டிலும் விடவில்லை. எங்கள் பெற்றோலுக்கும் வெயிலுக்கும் ஐந்துதான் சரி என்று அந்தக் காது கண்டுபிடித்ததா, அல்லது பழக்கம் விடாமல் இழுத்ததா? அமாவாசையிலிருந்து வான் அந்த ஐந்தில்தான் ஓடியிருக்கிறது, ஒருமுறையும் கொதிக்கவில்லை. அதை மட்டும் சொல்லலாம். மிச்சத்தைக் கேட்க ஆள் இல்லை.

சாவி என் கையில் இருந்தது. எட்டுக்கு மாற்ற ஒரு நிமிடம் போதும்.

"சரியா இருக்கா டீச்சர்?"

"சரியாத்தான் இருக்கு அக்கா," என்று சீற்றை இறக்கினேன்.

மறுநாள் வந்தவர் விடயம் தெரிந்தவர். டைமிங் எத்தனையில் நிற்கிறது என்று கேட்டார். ஐந்தில் என்றேன்.

"புத்தகத்தில எட்டெல்லோ?"

"ஓம். ஆனால் ஐந்திலேயே விடுங்கோ."

"ஏன்?"

உறுதி செய்யாத எதையும் நான் சொல்லுவதில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அன்று சொன்னேன். "வச்சவருக்குத் தெரியும்," என்றேன். பழனிவேல் அண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பது, என்னால் நிரூபிக்க முடியாத அந்த ஒரு வசனம்தான்.